மறுப்புக்கு விட்ட இடம்

ஆறாம் வகுப்புத் தமிழ் மிஸ் வாதக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார். தலைப்பை அவரவர் வீட்டிலிருந்தே எடுக்க வேண்டும். கருத்து, காரணம், எதிர்வாதம், மறுப்பு என்றால் என்னவென்று செழியன்தான் மகள் நறுமுகைக்கு விளக்கினான். மனைவி இறந்த ஏழு மாதத்தில் அவன் அவளிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

எழுதிவிட்டு நோட்டை நீட்டினாள்.

கருத்து: நான் கரூரில் சித்தி வீட்டிலேயே தங்கிப் படிக்க வேண்டும். காரணம்: அங்கே சாப்பிடும்போது எல்லோரும் பேசுவார்கள். இங்கே மிக்சி மட்டும்தான் பேசும். எதிர்வாதம்: நான் போய்விட்டால் அப்பா தனியாக இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போகட்டுமா என்று சித்தி கேட்டிருந்தாள். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

"கதைன்னா பாதியில விட்டுடலாமாம். இதுல மறுப்பு எழுதலைன்னா மார்க் கிடையாதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க. எனக்கு வரலப்பா. நீங்க சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"நீங்க தனியா இருந்துக்குவீங்கன்னு. காரணத்தோட."

"எழுதிக்கோ" என்றான்.

அவள் நோட்டை மடியில் வைத்து, பென்சில் முனையைக் கோட்டின் மேல் ஊன்றிக்கொண்டு, அவன் வாயையே பார்த்தாள்.