நடுக்கட்டையின் கோபம்

கட்டுமரத்தின் நடுக்கட்டைக்குக் கோபம் மூக்கின் மேல். மீனவர் தினமும் கட்டைகளைக் கரையில் அவிழ்த்து உலர்த்தி, விடிந்ததும் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார். அன்று அது கயிற்றிடம் எகிறியது: "பாரம் முழுக்க என் முதுகுல! தினம் இப்படி இறுக்குறியே, ஒரு நாளாவது என்னை ஒரு வார்த்தை கேட்டுக் கட்டியிருக்கியா? நான் வரலை, போடா!"

"நீ இல்லாட்டி தள்ளாடுவோம், அண்ணே," என்றது கயிறு.

"தள்ளாடுங்க! அப்பத்தான் என் அருமை தெரியும்."

நடுக்கட்டை தனியாகவே கடலில் உருண்டு இறங்கியது. மிதக்கத்தான் செய்தது. ஆனால் அலைக்கு அலை குப்புறப் புரண்டதில், ஒரு காக்கையால்கூட அதன்மேல் நிற்க முடியவில்லை. கடைசியில் கடல் அதைப் பழைய கரையிலேயே துப்பியது.

மாலையில் கட்டுமரம் நடுவில் வேறொரு கட்டையோடு, நிறைய மீனோடு திரும்பியது. மீனவர் ஈரக் கயிற்றை அவிழ்த்து, அங்கே கிடந்த பழைய கட்டைமேல் உலரப் போட்டார்.

"இப்ப இறுக்கலையே, அண்ணே?" கயிறு கேலியில்லாமல்தான் கேட்டது.

கட்டை மணலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.