நாலு பாஸ்வேர்ட் போட்ட கல்யாணம்

தலையையும் கீபோர்டையும் சேர்த்து ஒரே துவாயால் மூடிக்கொண்டு மத்தேயு பாஸ்வேர்ட் அடித்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற நேசராணி கொஞ்ச நேரம் புருஷனையே பார்த்தாள்.

"ஏங்க, ஆவி பிடிக்கிறதுன்னா சுடுதண்ணி வேணாமா?"

"ஒளிஞ்சு நின்னு எழுத்த எண்ணாத. போ வெளிய!"

கட்டின பெண்சாதியையே நம்பாத நிலைக்கு மனிதன் வந்திருந்தான். கம்ப்யூட்டருக்கு ஒன்று, அதில் தன் பெயரில் நுழைய ஒன்று, ஃபோல்டருக்கு ஒன்று, வீடியோவுக்குத் தனியாக ஒன்று என்று நாலு பாஸ்வேர்ட். இரண்டாயிரத்து நாலாம் வருடம், பசறை ரோட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அந்த லயத்து வீட்டு வரிசைக்கே ஒரே கம்ப்யூட்டர் அதுதான். அதற்கு ஏன் இத்தனை காவல் என்றால், விஷயம் இருக்கிறது.

சிவஞானம் ஐயா பதுளையில் ஒரு ஒஃபிஸில் பெரிய கிளாக்கர். அவர் மகள் விஜிதாவின் கல்யாணத்தை வீடியோ எடுத்தவன் மத்தேயு. பெண்ணை வழியனுப்புகிற நேரம் பார்த்து ஐயாவின் பட்டு வேட்டி நழுவி, மூன்று விநாடி முழங்காலில் நின்றது. எல்லாருடைய கண்ணும் மணமக்கள் மேல். பின்னால் நின்ற கமெரா மட்டும்தான் பார்த்தது.

அன்றைக்கே ஐயா அவனை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனார். "தம்பி, அந்த இடத்தை வெட்டிப்போடும். ஒரு குஞ்சும் பாக்கப்படாது. ஒழுங்காச் செய்தீரெண்டா எங்கட ஒஃபிஸ் ஆக்களின்ரை கலியாணமெல்லாம் உமக்குத்தான்."

மத்தேயுவும் வெட்டத்தான் பார்த்தான். ஆனால் மகள் அப்பாவின் காலில் விழுந்து அழுவதும் அதே மூன்று விநாடிக்குள் வந்து தொலைத்திருந்தது. எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று ஒரு வாரமாகச் சாயங்காலம் சாயங்காலம் ஓட்டி ஓட்டிப் பார்த்தான்.

கல்யாண வீட்டார் டிவியில்தானே பார்ப்பார்கள் என்று, பழைய வீடியோ டெக் வழியாக டிவியில் போட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். அன்டனா வயரை ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, டெக் வயரையும் அதோடேயே முறுக்கிவிட்டிருந்தான். மேட்டில் லயத்து எட்டு வீட்டு டிவிக்கும் சேர்த்து ஒரே அன்டனா. காற்றடித்தால் ஏறித் திருப்புகிறவனும் அவன்தான். அந்த எரிச்சல் வேறு.

ஒன்று மட்டும் ஆறுதல். அவன் கதவைச் சாத்தியதும் லயமே அடங்கிவிடும், பைப்படியில் ஒரு வாளிகூட இருக்காது. நம் வேலைக்கு இத்தனை மரியாதையா என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டான்.

எட்டாம் நாள் சிவஞானம் ஐயா குடையை ஊன்றிக்கொண்டு மேடேறி வந்துவிட்டார்.

"சந்தையிலை உங்கட தோட்டத்துப் பொம்பிளையள் என்னைக் கண்டதும் வாயைப் பொத்துதுகள். சலூன்காரன் கேக்கிறான், 'ஐயா, இப்ப வேட்டிக்கு பெல்ட் கட்டுறீங்களா' எண்டு! ஆருக்குக் காட்டினீர்?"

"மாதா மேல சத்தியமா யாருக்கும் காட்டலைங்க ஐயா! நாலு பாஸ்வேர்ட் போட்டிருக்கேன். என் பொஞ்சாதிக்கே தெரியாது."

"ஆவி பிடிக்கிறாருன்னு மட்டுந்தாங்க தெரியும்," என்றாள் நேசராணி, அடுப்படியிலிருந்து.

"அப்ப என்ன, காத்திலையே பறந்து போனது? இண்டைக்கு என்ரை கண்ணுக்கு முன்னாலை வெட்டும். இல்லையெண்டா இனிப் பதுளையிலை ஒரு கலியாண வீட்டுப் படியும் நீர் கமெராவோடை ஏறேலாது."

மத்தேயுவுக்கு அழுகையே முட்டியது. நேசராணியை அரிசிச் சுளகோடு வெளியே அனுப்பினான். கதவைத் தாழ்ப்பாள் போட்டான், ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினான். துவாயைப் போர்த்திக்கொண்டு நாலு பாஸ்வேர்டையும் அடித்தான். ஐயாகூட மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

டிவியில் விஜிதா குனிந்தாள். வேட்டி நழுவியது.

எங்கிருந்தோ குபீரென்று ஒரு சிரிப்புச் சத்தம்.

"ஆர் சிரிக்கிறது?"

மத்தேயு பாய்ந்து போய்க் கதவைத் திறந்தான். லயத்து வாசல் நீளத்துக்கும் ஒரு காக்காய் இல்லை. தூரத்தில் நேசராணி மட்டும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயா சிரிச்ச?"

"சிரிக்கிற மாதிரியா என் பொழப்பு இருக்கு?"

உள்ளே ஐயா குடையால் தரையில் தட்டினார். "நிப்பாட்டும்! முதல்லை அதை நிப்பாட்டும்!"

மத்தேயு ஓடிவந்து நிறுத்தினான். டிவி கறுத்தது.

கூரைவரை எட்டாத நடுச்சுவருக்கு மேலால் பக்கத்து வீட்டு அழகையாவின் குரல் வந்தது.

"மத்தேயு தம்பி, நிப்பாட்டிறாதீங்க! எங்க டிவியில கொஞ்சம் கலங்கிருச்சு, அந்த வேட்டி எடத்த இன்னொருக்கா போடுங்க!"