முதல் வரியில் அவள் பெயர்

மீட்டிங் ஹால் திரையில் முதல் வரியில் அவள் பெயர் இருந்தது.

வசந்தாமணி.

பம்பு கம்பெனி ஆட்கள் இந்த ஒரு வருடத்தில் தங்கள் உள் இணையதளமான இன்ட்ராநெட்டில் எதையெல்லாம் தேடினார்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது திரையில். லீவு விதிகளுக்கு மேலே, சம்பளச் சீட்டுக்கு மேலே, கேன்டீன் மெனுவுக்கும் மேலே அவள் பெயர்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மாதமாகக் குறுகிக் கிடந்த முதுகு. சென்னையிலிருந்து ஆலோசகர் என்று மெர்லின் வந்து இறங்கியதிலிருந்து அலுவலகமே அந்தப் பெண்ணைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. இன்ட்ராநெட்டை அடியோடு மாற்றப்போகிறாளாம். எந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு என்று விதி எழுதப்போகிறாளாம். அப்படியானால் இத்தனை வருடம் வசந்தாமணி ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தாளே, அதற்குப் பெயர் என்ன? அவளை ஒருநாளும் உட்காரச் சொல்லாத ஜி.எம்., மெர்லினுக்குத் தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வயிறு எரிந்தது. பொறாமைதான். வேறு என்ன பெயர் வைப்பது?

இப்போது பார்க்கட்டும். எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும்.

மெர்லின் சிரித்தபடி அந்த முதல் வரியைத் தொட்டுக் காட்டினாள்.

“இதுதான் சார் பெரிய பிரச்சினை. தேடுறது எதுவும் கிடைக்கல. அதனால அக்கா நம்பரத் தேடி எடுத்து, அவங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கிறாங்க. புதுசு வந்துட்டா இந்தப் பேரை யாரும் தேட வேண்டியதே இல்ல.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளும் தட்டினாள்.

அடுத்து புதிய தேடல் பெட்டி. ஒரே ஒரு எழுத்து அடித்தால் போதும். மற்றவர்கள் அதிகம் தேடியது எதுவோ, அதைத் தானே எழுதி முடித்துவிடும்.

ஜி.எம். வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

•

புதுசு வந்தது. வசந்தாமணியின் போன் வாயை மூடிக்கொண்டது.

முன்பெல்லாம் ரிசீவரைக் கீழே வைக்க விடமாட்டார்கள். “ஏனுங்க்கா, வெளியூர் போனா படி எவ்வளவுங்க்கா?” “ஏனுங்க்கா, கல்யாண லீவுக்கு எங்கீங்க எழுதறது?” சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட விடுகிறார்களா என்று அவள் அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

அலுப்பா அது? சுகம் அல்லவா!

இப்போது நிதானமாகச் சாப்பிடுகிறாள். டப்பாவில் பாதி மிஞ்சிப்போகிறது.

“இனி உங்களுக்கு நிம்மதிங்க்கா” என்றான் எதிர் மேஜைக் கனகராசு. அவனை ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது.

புதுசில் சந்தேகம் வந்தால் கேட்க, மாடியில் மெர்லினுக்கு ஒரு மேஜையும் போனும் கொடுத்து வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் “சாப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். அது இன்னும் எரிந்தது. கெட்டவளாகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா?

ஒன்றே ஒன்று வசந்தாமணியின் கையில் இருந்தது. மெர்லின் எழுதிய விதிதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர். மாதம் முடிந்தால் அவருக்கு மெயில் வரும். இந்தப் பக்கம் இன்னும் சரிதானா? ஆமாம் என்று அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் பக்கம் தானாக நின்றுவிடும், யார் தேடினாலும் கிடைக்காது.

வெளியூர்ப் பயணப் பக்கம் வசந்தாமணியின் பொறுப்பு. விற்பனை ஆட்களுக்கு அது இல்லாமல் பொழுது விடியாது.

மெயில் வந்தது.

பக்கத்தைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். ஒரு பிழையும் இல்லை.

அமுக்கவில்லை.

நினைவூட்டல் வந்தது. மறுபடியும் வந்தது. கை குறுகுறுத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

•

பக்கம் நிற்கும் நாளன்று நல்ல புடவையாகப் பார்த்து எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

போனைத் துடைத்துக் கைக்கெட்டும் தூரத்தில் இழுத்து வைத்தாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அடடா, புதுசுல இல்லீங்களா? அதுக்கென்ன, எங்கிட்டக் கேளுங்க.

டீ வந்தது. டீ ஆறியது.

குனிந்து போன் ஒயரைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

விற்பனைப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் அவள் மேஜையைத் தாண்டி வேகவேகமாக மாடிப்படி ஏறினார்கள். என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டாள்.

டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது.

உடனே எடுத்தால் மரியாதையா? இன்னொரு தரம் அடிக்கட்டும் என்று விட்டாள். பிறகு எடுத்தாள்.

“வசந்தாமணி பேசறனுங்க.” குரல் குழைந்து வந்தது.

“அக்கா, மெர்லின் பேசறேன். வெளியூர்ப் பயணப் பக்கம் நின்னு போயிருக்கு. அமுக்க மறந்துட்டீங்களாக்கா? காலையில இருந்து ஆள் மாத்தி ஆள் எனக்கே போன் பண்றாங்க. சிலர் நேர்லயே வந்துட்டாங்க. டப்பாவத் திறக்கக்கூட விடலக்கா.”

அலுத்துக்கொள்ளும் குரல்.

அந்த அலுப்பு எப்படிப்பட்டது என்று வசந்தாமணிக்குத் தெரியாதா?

“மறந்துட்டன் கண்ணு” என்றாள்.

ஆமாம் என்று அமுக்கினாள். பக்கம் வந்துவிட்டது.

டப்பாவை மூடி வைத்தாள். பிறகு தேடல் பெட்டிக்குப் போய், மெர்லின் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அடித்தாள்.

மீதியைப் பெட்டியே எழுதிவிட்டது.