உப்புத் துணி

ஏரி தெரிந்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

தெரிந்தது, நடுவில் ஒரு திட்டுகூட இருந்தது என்று அண்ணன் இன்றும் சாதிக்கிறான். படத்தில் எங்களுக்குப் பின்னால் வெறும் வெள்ளைதான்.

காதுக்குப் பின்னால் ஈரமாக இருந்தது நினைவிருக்கிறது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

அது இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி முடிவுசெய்த பயணம். நான் கணவரை விட்டு அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. அடிக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை. குடிக்கிறாரா? இல்லை. பிறகு என்னதான் குறை என்றார்கள்.

பால் பொங்கி, அடுப்பு அணைந்து, வீடெங்கும் கேஸ் நாறும்போது அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருப்பார். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் நான் ஓடிவருவேன்.

எனக்கு எப்போது தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இதைச் சபையில் சொன்னேன். சித்தப்பா சிரித்துவிட்டார்.

"ஒரு நா மலைக்குப் போயிட்டு வாங்க. எல்லாம் சரியாப் போகும்."

கணவர் தன் காரில் வந்தார். நான் அண்ணனோடு வந்தேன். இறங்கும் முன் அண்ணன் சொன்னான்.

"கீழ வர்றதுக்குள்ள முடிவச் சொல்லு பாப்பா. போகலன்னா போகல. அம்மாட்ட நான் பேசிக்கிறேன்."

அதை நம்பித்தான் ஏறினேன்.

பாதை தொடங்கும் இடத்தில் வனத்துறை வாட்சர் ஒரு துணி முடிச்சைக் கொடுத்தார். உள்ளே உப்பு. அட்டைக்கு.

"ஒருத்தர் பின்னாடி ஒருத்தராப் போங்க. முன்னாடி போறவங்க கழுத்தப் பின்னாடி வர்றவங்க பாத்துக்கங்க. அது கடிக்கிறது தெரியாது."

கணவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அண்ணன் முன்னால். நான் நடுவில். அவர் கடைசியில்.

மழை விட்டிருந்தது. மரங்கள் விடவில்லை.

அண்ணன் காலரில் ஒன்று நெளிந்தது. திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டினேன். துணி வந்தது. உப்பை வைத்ததும் சுருண்டு விழுந்தது. துணியைத் திருப்பிக் கொடுத்தேன். என் விரல் படாமல் வாங்கிக்கொண்டார்.

"என்ன மாப்ள, மூச்சு வாங்குது? ஒடம்பக் கொறைங்க."

"உங்க தங்கச்சி கைச்சோறு இல்லாம எளச்சுத்தான் போயிருக்கேன் மச்சான். பாத்தாத் தெரியல?"

அண்ணன் உரக்கச் சிரித்தான்.

என் கழுத்தின் மேல் அவர் பார்வை இருந்தது. அதை அறிய நான் திரும்ப வேண்டியதில்லை.

உச்சியில் ஒரு கம்பி வேலி. ஒரு சிமெண்ட் பெஞ்சு. கீழே ஏரி இருக்க வேண்டிய இடத்தில் மேகம்.

"மேலதான் சிக்னல் கெடைக்குது. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க."

நின்றோம். நடுவில் இன்னொருவர் நிற்கலாம்.

அண்ணன் செல்லைத் தூக்கியபோது அவர் நெருங்கி வந்தார். என் கூந்தலை ஒதுக்கினார். காதுக்குப் பின்னால் துணியை வைத்து அழுத்தினார்.

எரிந்தது. கண்ணை மூடினேன்.

காதோரம், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"மொத வளைவுலயே பாத்துட்டேன். ஒனக்கு எப்பத் தெரியுதுன்னு பாத்துக்கிட்டே வந்தேன்."

அண்ணன் படம் எடுத்துவிட்டான்.

கொழுத்த அட்டை என் தோளில் உருண்டு புல்லில் விழுந்தது.

"அண்ணே, நான் போகல."

அவன் செல்லில் குனிந்திருந்தான். குடும்பக் குழுவுக்குப் படம் போய்விட்டிருந்தது. இதயங்கள் வந்துகொண்டிருந்தன. கைகூப்பிய பொம்மைகள் வந்தன. பிறகு அம்மாவே அழைத்தாள். செல்லை என் காதில் வைத்தான்.

"என் வயித்துல பால வாத்தியே தாயி..."

அழுதுகொண்டே இருந்தாள்.

"போகலன்னு சொன்னேன்ணே. கேட்டுச்சா?"

"வெக்கப்படாத பாப்பா. அதான் போட்டோவுல பாத்தோம்ல."

என் காலரை விரித்துக் காட்டினேன். தோள்வரை சிவந்திருந்தது.

"அட்ட கடிச்சா ரத்தம் வரத்தான் செய்யும். மாப்ளதான் எடுத்துவிட்டாரே."

அவர் வேலியருகே நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது நான் கடைசியில் நடந்தேன். எனக்கு முன்னால் அவர் கழுத்து. நூல் போல ஒன்று அதில் ஏறிக்கொண்டிருந்தது.

சொன்னேனா என்பதும் எனக்குச் சரியாக நினைவில்லை.

கீழே வந்தபோது அவர் சட்டையின் முதுகு சிவந்திருந்தது.

எனக்கு முன்பே இறங்கிவிட்ட அண்ணன், என் பையை அவர் காருக்கு மாற்றியிருந்தான். கதவைத் திறந்து எடுத்துக்கொண்டேன். பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தேன். அண்ணன் கத்தினான். அவர் கூப்பிடவில்லை. காரில் சாய்ந்து நின்று, எதுவரை போகிறேன் என்று பார்த்தார்.

அவர் மறுபடி மணம் செய்துகொண்டு ஓசூரில் இருக்கிறார். சித்தப்பா இறந்துவிட்டார். அண்ணன் நெடுநாள் பேசவில்லை. இப்போது பேசுகிறான், ஏரியைப் பற்றியென்றால். நான் கரூரில் தனியாக இருக்கிறேன். வேலை இருக்கிறது. அடுப்பை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கி பீரோவுக்குள் வைத்திருக்கிறாள். அவர் கையில் இருப்பது கைக்குட்டை என்கிறாள்.