பக்கத்து நிலத்துக்காரரின் கையெழுத்து

எரிவாயு மின்நிலையத்துக்கு நிலம் கொடுத்தது எங்கள் வீடு. அதன் புகையிலிருந்து பிரித்தெடுக்கும் கரியமில வாயுவைப் பூமிக்குள் அடைத்து வைக்க நிலையத்தார் தேர்ந்தெடுத்ததோ, என் பங்காளி முத்திருளனின் தரிசை. அடைக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் முப்பது வருடங்களுக்கு அவனுக்கு வாடகை. பக்கத்து நிலத்துக்காரர் சம்மதித்தால்தான் அனுமதி என்று சட்டம் சொல்கிறது. பதினொரு வருடங்களாக என்னோடு பேச்சில்லாதவன், நிலைய அதிகாரியை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது அதனால்தான்.

"எங்க நெலத்துக்கு என்ன கொறை?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"அடியில பாறை விரிசல் விட்டிருக்குங்கய்யா. வாயு நிக்காது, கசிஞ்சிரும்."

முத்திருளன் மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்தான்.

"விரிசல்னு எழுதாதீங்க," என்றேன் அதிகாரியிடம். "நாங்க தர மறுத்துட்டோம்னு எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"சோதனையில வந்தத மாத்துனா என் வேலை போயிரும்ய்யா."

"விடுங்கண்ணே," என்றான் முத்திருளன். "ஊருக்குள்ள நான் சொல்லிக்கிறேன். மொதல்ல ஒங்ககிட்டதான் கேட்டாக, நீங்கதான் தம்பி பொழைக்கட்டும்னு விட்டுக் குடுத்தீகன்னு."

அவன் சொன்னால் ஊர் நம்பும். இப்போதெல்லாம் அவன் எதைச் சொன்னாலும் நம்புகிறது. எங்கள் வீட்டு மானத்தைக்கூட அவன் கையிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பேனா மூடியைத் திறந்தேன். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. முத்திருளன் குனிந்து, நான் கையெழுத்திட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.