சாரல் விழுந்தால் செத்துப்போகும் டெலிபோன்

"மறுபடியும் செத்துப்போச்சுய்யா!" ரிசீவரைக் காதில் வைத்துக் குலுக்கிக்கொண்டே கத்தினார் அனந்தநாராயணன். ஓர் உரக் கம்பெனியின் தென்காசிக் கிளைக்கு அவர் மானேஜர்.

லைன்மேன் ஆறுமுகநயினார் தலையைச் சொறிந்தார். எழுபத்தெட்டு ஜூலை. அந்தக் குற்றால சீசனில் அது பதினோராவது தடவை. சாரல் விழுந்தால் லைன் போய்விடும், வெயில் அடித்தால் வந்துவிடும்.

"காலையில கணீர்னு பேசுச்சே சார்."

"பேசித்து. இப்போ பேசலை. உங்க எஞ்சினியருக்கு எழுதிப் போட்டாச்சு."

எழுதியதற்குப் பதில் ஆறுமுகநயினாருக்குத்தான் வந்தது. பதினைந்தாம் தேதி எஞ்சினியர் ராமசேஷன் நேரில் வருவார். அதற்குள் பழுதைக் கண்டுபிடிக்காவிட்டால் வறண்ட சாயல்குடிக்கு மாற்றல்.

ஆறுமுகநயினார் பிறந்ததிலிருந்து அருவியில் தவிர வேறெங்கும் தலை நனைத்ததில்லை. "வாளித் தண்ணியில குளிக்கதுக்கு நீங்க மட்டும் போங்க. நான் வரமாட்டேன்" என்று அவர் மனைவி முப்பிடாதியம்மாள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

முதல் சந்தேகம் கம்பியில் தொங்கும் குரங்குகள்மேல். ஒரு முழு நாள் வாழைப்பழச் சீப்போடு கம்பத்தடியில் உட்கார்ந்து விசாரித்தார். பழத்தைத் தின்றனவே தவிர, அவை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்து கம்பத்துப் பெட்டியில் ஒயர்களை மாற்றி மாற்றிக் கோத்தார். அதில் மானேஜரின் லைன் இலத்தூர் ரோட்டு அரிசி மில்லுக்குப் போய்விட்டது. மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் நாலு நாள் மில் முதலாளி அப்துல் மஜீதிடம் யூரியா நிலவரம் கேட்டது. கேட்பவர் மனம் நோகக்கூடாதென்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். கிளையின் வரலாற்றிலேயே சிறந்த அறிக்கை அதுதான் என்று பாராட்டுக் கடிதம் வந்தது.

ஒயரைப் பழையபடி கோத்த மறுநாள், மானேஜர் மீட்டிங்குக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். அன்றைக்குச் சாரல் கொட்டித் தீர்த்தது. டெலிபோன் ஓயாமல் அடித்தது. எடுத்து எடுத்து கிளார்க்குக்குத் தோள் இறங்கிவிட்டது. ஆறுமுகநயினார் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டார்.

மறுநாள் மறுபடியும் போய்விட்டது.

பதினான்காம் தேதி, ஆபீசுக்கு எதிர்க் கம்பத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சாரல் விழ ஆரம்பித்தது. ஜன்னல் வழியே பார்த்தால், மானேஜர் வானத்தைப் பார்த்தார். அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பேனாக்கத்தியோடு மேஜைக்கடியில் நுழைந்தார்.

வெளியே வந்தபோது எதிரே ஆறுமுகநயினார் சொட்டச் சொட்ட நின்றார்.

"ஒயரைக் கழத்துதது நீங்களா சார்? அநியாயமாக் குரங்கையெல்லாம் சந்தேகப்பட்டுட்டேனே!"

"உம்ம காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வெளியில சொல்லிடாதேயும். சாரல்னு பேப்பர்ல போட்டாப் போறும், ஹெட் ஆபீஸ்ல ஒருத்தர் விடாம ஃபோன் பண்ணி, 'குடும்பத்தோட வரோம்'ங்கறா. போன சீசன்ல என் ஆத்துல நாப்பத்தோரு பேர். ஈரத்துணி காயப்போட இடமில்லாம ஆபீஸ் ஃபைல்மேல காயப்போட்டோம். இந்தத் தடவை ஒருத்தர் வந்தாலும் பொறந்தாத்துக்குப் போயிடுவேன்னு வேதா சொல்லிட்டா."

"வீட்டம்மா போனா திரும்பி வந்துருவாங்க. நான் சாயல்குடி போனா ரிட்டயர் ஆவித்தான் சார் வருவேன்!"

மறுநாள் எஞ்சினியர் வந்தார். ஜீப்பிலிருந்து ராமசேஷன், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார், மச்சினன், ஒரு டின் நல்லெண்ணெய் ஆகியோர் இறங்கினார்கள்.

ஆறுமுகநயினார் வாயைத் திறக்குமுன் ராமசேஷன் மேஜைக்கடியில் குனிந்தார். தளர்ந்திருந்த திருகாணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து ஜன்னல் வழியே சாரலைப் பார்த்தார். பிறகு மானேஜரைப் பார்த்தார்.

"ரொம்பச் சிக்கலான பழுது. பத்து நாளாவது பக்கத்துலயே இருந்து கவனிக்கணும். லாட்ஜ் எல்லாம் ஃபுல்லாமே, சார் வீடு எந்தத் தெரு?"

பத்து நாள் கவனித்தார்கள். காலையில் பேரருவியில் நின்று கவனித்தார்கள்; மாலையில் ஐந்தருவியில் நின்று கவனித்தார்கள். வேதா நாலாம் நாளே அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினாள்.

பதினோராம் நாள் ஜீப் கிளம்பும்போது ஆறுமுகநயினார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பழுது அப்படியே கெடக்கு... என் மாற்றல் விஷயம் என்ன சார்?"

ராமசேஷன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "உன்னை மாத்திட்டா, புதுசா வர்றவன் இதைச் சரி பண்ணித் தொலைச்சிடுவான்யா!"