இருளாண்டி அவர்கள்

முப்பத்தொரு கார்டும் ஒரே கையெழுத்து!

சௌடப்பனுக்குத் தலை சுற்றியது. ரேடியோ வந்தபிறகு கிராமத்து மக்கள் எப்படி மாறியிருக்கிறார்கள் என்று மதுரையில் இரண்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறான். 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சிக்கு வந்த கார்டுகளை வானொலி நிலையத்தில் கெஞ்சிக் கேட்டு வாங்கியதில், பரளச்சியிலிருந்து மட்டும் முப்பத்தொன்று. இருளாண்டி, மாரிக்கனி, வெள்ளைத்தாய் என்று அத்தனை பேரும் காட்டுவேலைக்குப் போகிறவர்கள். 'எழுத்து வாசனை இல்லாதவர்களைக்கூட ரேடியோ எழுத வைத்திருக்கிறது' என்று ஒரு அத்தியாயமே எழுதி, பேராசிரியரிடம் சபாஷும் வாங்கியாகிவிட்டது.

இன்றைக்குத்தான் கார்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒரு இழை தப்பினாலும் கண்ணில் படும். எவனோ ஒருத்தன் உட்கார்ந்து ஊருக்கே சேர்த்துப் புளுகியிருக்கிறான்!

ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று பஸ் ஏறினான்.

பரளச்சியில் முதலில் அகப்பட்டவர் இருளாண்டி. அறுபது வயதிருக்கும்.

"ஐயா, நீங்க ரேடியோவுக்குக் கார்டு போட்டீகளா?"

"நானா? எனக்குக் கைநாட்டுத்தான் தம்பி. ஆனா எம்பேரு வந்துச்சு!" பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "மொதலாளி வீட்டு வாசல்ல எல்லாரும் உக்காந்து பாட்டுக் கேட்டுக்கிட்டிருந்தோம். 'இருளாண்டி அவர்கள்' அப்டின்னுச்சு ரேடியோவுல பேசுற பொம்பளை. 'ஏலே இருளா'ன்னே கேட்டுப் பழகின காது. என்னையத்தான் சொல்றாகளான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

"மொதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

"மொத நாளு விழுந்து விழுந்து சிரிச்சாக. வாராவாரம் ஒரு பேரு வரவும் சிரிப்பு நின்னுபோச்சு."

"யாரு எழுதினதுன்னு தெரியுமா?"

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லாருக்கணும்."

சௌடப்பன் மனசு இளகவில்லை. பொய் பொய்தானே! ஊரில் ரேடியோ இருப்பது முதலாளி சங்கரபாண்டியன் வீட்டில் மட்டும். ஊர்ப்பேர் ரேடியோவில் அடிபடவேண்டும் என்று அந்த மனுஷன்தான் ஆள்வைத்து எழுதுகிறார். சந்தேகமே இல்லை.

சங்கரபாண்டியன் மோர் கொடுத்து உட்கார வைத்தார். சௌடப்பன் கேள்வித்தாளை நீட்டினான்.

"கண்ணாடியைத் தோட்டத்துல வச்சிட்டு வந்துட்டேனே. இந்தாரு, நீ வந்து எழுது" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அவர் மனைவி வந்து தரையில் உட்கார்ந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். சௌடப்பன் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க எழுதினாள். கடைசிக் கேள்வி வந்தது.

"ரேடியோ வந்தபிறகு உங்ககிட்ட ஏதாவது மாற்றம் உண்டா?"

"எங்கிட்டயா! பாட்டுப் பெட்டி என்னத்தை மாத்தும்? ஒண்ணுமில்லைன்னு எழுது" என்றவர், வாசலில் நிழலாடவும் எட்டிப் பார்த்தார். "யாரு, இருளாண்டியா? என்னப்பா, மோட்டாரு ஓடலையா? இரு, வாரேன்."

எழுந்து போனார்.

சௌடப்பன் தாளைப் பார்த்தான். 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது.

அதே கையெழுத்து!

"அம்மா, அந்தக் கார்டெல்லாம் நீங்களா?"

அவள் கை நின்றுவிட்டது. வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் தம்பி. வயசுல மூத்தவுகளைப் போயி ஏலேங்காதீகன்னு இருபது வருசமாச் சொல்லிப் பாத்தேன். பொம்பளை பேச்சுன்னு காதுலயே வாங்கலை. ரேடியோ சொன்னா அவுக கேப்பாக. அது மருவாதி குடுத்த ஆளை அதட்டுறதுக்கு இப்ப அவுகளுக்கே கூச்சமா இருக்கு."

இப்படி ஒரு சங்கதி எந்த ஆராய்ச்சிப் புத்தகத்திலும் இல்லை.

"இதைப் புஸ்தகத்துல போட்ருவீகளா?" அவள் குரல் இறங்கியது. "அவுகளுக்குத் தெரிஞ்சா பெட்டியைத் தூக்கி உள்ள வச்சுப் பூட்டிருவாக. அப்புறம் பழையபடி ஏலேதான்."

உண்மையை எழுதினால் இவள் மாட்டிக்கொள்வாள். எழுதாவிட்டால் அத்தியாயமே போச்சு. ஆறு மாத உழைப்பு! பேராசிரியருக்கு வேறு பதில் சொல்லவேண்டும்.

"இல்லம்மா. பரளச்சியையே எடுத்திர்றேன்" என்றான். சொல்லும்போது வலிக்கத்தான் செய்தது.

அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள்.

தாளை மடிக்கப் போனவன் மேல்பக்கத்தைப் பார்த்தான். வீட்டில் உள்ளவர்கள் பெயர் எழுதும் இடத்தில் கணவன் பேர் இருந்தது, இரண்டு மகன்கள் பேரும் இருந்தது. நாலாவது வரியில் 'மனைவி' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"உங்க பேரும்மா?"

"அது எதுக்குத் தம்பி? அதைச் சொல்லி யாரு கூப்பிடுறா!" என்று சிரித்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, மெதுவாகச் சொன்னாள்.

பந்தல்குடியில் இறங்கி அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், பொய்க் கார்டு பிடிக்கப் புறப்பட்ட ஆராய்ச்சியாளன் தபாலாபீசுக்குப் போய் ஒரு கார்டு வாங்கி, நிறுத்தி நிதானமாக எழுதினான்: 'விரும்பிக் கேட்பவர், ராமலட்சுமி அவர்கள், பரளச்சி.'